கோடு இல்லாத இடம்

"கண்ணை மூடுங்க சார். நான் வந்து சொல்ற வரைக்கும் திறக்கக் கூடாது" என்றாள் அந்தப் பெண். ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையிடம் சொல்கிற மாதிரி சொன்னாள். எழுபத்துநாலு வயதில் ஆவுடையப்பனுக்கு உத்தரவு போட ஒருத்தி. மூடிக்கொண்டார். சொட்டு எரிந்தது. எரிச்சல் அடங்கியதும் தொண்டையில் ஒரு கசப்பு இறங்கியது. கண்ணில் விட்டது தொண்டைக்கு எப்படி வந்தது? கேட்கலாம். கேட்டால் பதில் சொல்வாள், பதிலுக்குப் பின்னால் இன்னொரு பேச்சு வரும். வேண்டாம். மூன்று தடவை விடுவாளாம், பாவை விரிய வேண்டுமாம், அதற்கப்புறம்தான் டாக்டர் பார்ப்பாராம். ஒரு மணி நேரமாவது ஆகும். மூடுவதற்கு முன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். முள் இரண்டும் ஒன்றாய்க் குழைந்து கிடந்தன. பத்து ஐம்பது. அல்லது பத்து ஐம்பத்தைந்து. பன்னிரண்டுக்குக் கல்லூரிச் சேர்க்கைப் பட்டியல் வெளியாகிவிடும். இந்தக் கண் ஆஸ்பத்திரித் தேதியை மருமகள் ஒரு மாதத்துக்கு முன்னாலேயே வாங்கி வைத்திருந்தாள், அவர் காப்பியில் உப்பைப் போட்டுக்கொண்ட அன்றைக்கு. பட்டியலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரே நாளில் வந்து விழுந்துவிட்டது, அவ்வளவுதான். ஒரு போன் செய்தால் போதும். இரண்டு வார்த்தை. செய்யலாம். இன்னும் நேரம் இருக்கிறது.

"இன்னா சார், தூங்கிட்டியா?" பக்கத்து நாற்காலியில் இருந்து ஒரு குரல். பவுனம்மா. காசிமேட்டில் மீன் விற்கிறவள். பேரை அவர் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள், வந்து உட்கார்ந்த மூன்றாவது நிமிஷம். அவளுக்கும் சொட்டு விட்டிருந்தார்கள். "கண்ணத் தொறந்துராத. தொறந்தா அந்தப் பொண்ணு இன்னும் ரெண்டு சொட்டு சேத்து ஊத்தும்." ம் என்றார். சனியன், பேச்சை விடமாட்டாள். ஆனால் சற்று முன்னால், அந்த இருட்டறையில், எழுத்துப் பலகைக்கு எதிரே அவளை உட்கார வைத்தபோது பட்டென்று சொன்னாளே: "மேல இருக்கிற பெரிசு தெரியுது கண்ணு. கீழ இருக்கிறதெல்லாம் எறும்பு." வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஒரு வெட்கம் கிடையாது. அடுத்தது அவர். நாற்காலியில் உட்கார்ந்ததும் தெரிந்தது, மேலே ஒரு கறுப்புக் கறை, அதற்குக் கீழே சாம்பல், அதற்குக் கீழே ஒன்றுமில்லை. எறும்புகூட இல்லை. ஆனால் அவருக்கு முன்னால் நாலு பேர் கடைசி வரியைச் சத்தமாகப் படித்திருந்தார்கள். ர, ட, ம, ப, ந, க. நாலு தடவை காதில் விழுந்தது போதாதா. "ர, ட, ம, ப, ந, க" என்றார், கல்லூரியில் வருகைப்பதிவு எடுக்கிற வேகத்தில். இடது கண்ணுக்கும் அதையே. "சூப்பர் சார், இந்த வயசுல! ஆறுக்கு ஆறு" என்று சொல்லி எழுதிக்கொண்டாள், சொட்டு விட்ட அதே பெண். அந்தச் சூப்பர் இனித்தது. அதுதான் இப்போது தொண்டையில் கசக்கிறதோ என்னவோ. சேச்சே. மருந்து.

நானூற்றுப் பதினேழு. மூடிய கண்ணுக்குள் அந்த எண்தான் நிற்கிறது. கோப்பு எண். பேர் கிடையாது, ஊர் கிடையாது. எல்லாவற்றையும் கறுப்பு மையால் அடித்துவிட்டுத்தான் கல்லூரி அனுப்பும். முப்பது இடம். நாலாயிரம் பிள்ளைகள் மோதுகிறார்கள். நுழைவுத் தேர்வுக்கு அறுபது மதிப்பெண், பள்ளியில் படிக்கும்போது பிள்ளை தானாகச் செய்த ஆராய்ச்சிக்கு நாற்பது. அந்த நாற்பதில் வேதியியல் கோப்பு எல்லாம் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஆவுடையப்பன் கையில். பன்னிரண்டு நாள் கார் வரும், அவர் பேர் எழுதிய அட்டை மேஜையில் இருக்கும், அவருக்கு மட்டும் கோப்பைத் தாளில் அச்சடித்துத் தருவார்கள், பெரியவர், கம்ப்யூட்டர் சிரமம் என்று. நானூற்றுப் பதினேழு நோட்டுத் தாளில் கையால் எழுதியது. பெரிய, உருண்ட எழுத்து. அதனால் படிக்க முடிந்தது. பொம்பளைப் பிள்ளை என்று எப்படித் தெரியும்? மை அடிக்கிறவன் ஒரு வரியை விட்டுவிட்டான்: 'பொம்பளைப் பிள்ளை கிணற்றில் இறங்கக் கூடாது என்று அம்மா விடவில்லை, அதனால் பாட்டிலைக் கயிற்றில் கட்டி இறக்கினேன்.' ஊரில் எந்தக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகும், எதில் வேகாது, ஏன்? அதுதான் கேள்வி. அறுபத்திரண்டு கிணறு. ஒவ்வொரு தண்ணீரையும் மூன்று முறை சோதித்தாளாம். நூற்றெண்பத்தாறு அளவு. பதினாலு புள்ளி இரண்டு, பதினாலு புள்ளி இரண்டு, பதினாலு புள்ளி நாலு. இருபத்தொன்று புள்ளி ஆறு. ஒன்பது புள்ளி எட்டு. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வரிசையாக இறங்கியவருக்கு மூன்றாம் பக்கத்தில் முதுகு நிமிர்ந்தது. புள்ளிக்குப் பின்னால் எல்லாம் ரெட்டைப்படை. நூற்றெண்பத்தாறிலும் ஒரு ஒற்றைப்படை கிடையாது. சிக்கினாள். நூறு மில்லி தண்ணீர் எடுத்தேன் என்று எழுதிவிட்டு ஐம்பதில் செய்து, வந்ததை இரண்டால் பெருக்கிப் போட்டால் இப்படித்தான் வரும். சோம்பேறிகளின் வழி. எத்தனை பேரைப் பிடித்திருக்கிறார் இதில். அன்றைக்கு ஒரு சந்தோஷம் வந்தது, சொல்லத்தான் வேண்டும், எச்சில் ஊறுகிற மாதிரி ஒரு சந்தோஷம். கண்ணா போய்விட்டது? யார் சொன்னது? சிவப்பு மையில் எழுதினார்: அளவுகள் ஜோடனை. நாற்பதுக்கு ஒன்பது.

தேர்வில் அவளுக்கு நாற்பத்துநாலு. அறுபதுக்கு நாற்பத்துநாலு என்றால் அந்தக் கல்லூரியில் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார்கள். மற்றதெல்லாம் ஐம்பத்தைந்து, ஐம்பத்தேழு. ஆராய்ச்சியில் முப்பத்துமூன்று போட்டிருந்தால் கரையேறியிருப்பாள். இதை அவருக்குச் சொன்னவள் ஜெசிந்தா. தேர்வுக் குழுவில் சின்னவள், போன வருஷம்தான் வேலைக்கு வந்தாள். நேற்று சாயங்காலம் போன். "சார், நானூத்திப் பதினேழு. இணைப்பு நாலுல ஒரு போட்டோ இருக்கு. உங்க போனுக்கு அனுப்பிருக்கேன், கொஞ்சம் பெரிசு பண்ணிப் பாருங்க சார்." "என்ன போட்டோ?" "அந்தப் பொண்ணோட ப்யூரெட் சார்." ப்யூரெட் என்றால் சொட்டுச் சொட்டாய் மருந்து விடுகிற நீளக் கண்ணாடிக் குழாய், பக்கவாட்டில் அளவுக்கோடு போட்டிருக்கும். "நாப்பது வருஷம் ப்யூரெட் பிடிச்சவன்மா நான்." "தெரியும் சார். நாம பிடிக்கிறது அம்பது மில்லி. ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல பத்தாப் பிரிச்சிருக்கும். இது நூறு மில்லி சார். எந்தக் காலத்துதோ, அவ ஸ்கூல் பீரோல இருந்திருக்கு. இதுல அஞ்சாத்தான் பிரிச்சிருக்கு." அவளே மெதுவாகச் சொன்னாள்: "அதுல ஒற்றைப்படைக்குக் கோடே கிடையாது சார்." வைத்துவிட்டார். படத்தை எடுத்துப் பார்த்தார். வெள்ளையாய் ஒரு தீற்றல். விளக்கடியில் போய்ப் பார்த்தார். தீற்றல். படம் சரியில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு, முடிவு கட்டியும் மனசு ஆறாமல், மருமகளிடம் நீட்டினார். "இதுல ஏதாவது தெரியுதா?" காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கையைத் துடைக்காமலே எட்டிப் பார்த்தாள். "நல்லாத் தெரியுதே மாமா. ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டு நடுவுல நாலு நாலு கோடு. ஏன், உங்களுக்குத் தெரியலையா?" தெரிகிறது என்றார். நாலு கோடு இருந்தால் அஞ்சு பிரிவு. ஒவ்வொன்றும் புள்ளி இரண்டு. இரண்டு, நாலு, ஆறு, எட்டு. ராத்திரி படுத்தபோதும் அதுதான், காலையில் பல் தேய்க்கும்போதும் அதுதான். இரண்டு, நாலு, ஆறு, எட்டு.

இரண்டாவது சொட்டு. வந்தாள், இமையை விரலால் பிளந்தாள், விட்டாள், போனாள். ஷீபாவாம் பேர், யாரோ கூப்பிட்டார்கள். ஜன்னல் பக்கமாக உட்கார வைத்திருந்ததால் மூடிய இமைக்குள் வெயில் சிவப்பாய் ஊறியது. கருஞ்சிவப்பு. இந்தச் சிவப்பை அவருக்குத் தெரியும். கடினத் தண்ணீரில் சாயத்தைப் போட்டதும் வருகிற சிவப்பு. குழாயிலிருந்து சொட்டு விழ விழ அப்படியே நின்று, நின்று, சட்டென்று ஒரு சொட்டில் நீலமாகிவிடும். அந்த ஒரு சொட்டுக்குத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது. ஒரு சொட்டு கூடினால் போச்சு, திரும்ப முதலிலிருந்து. அவளும் நின்றிருப்பாள். நூற்றெண்பத்தாறு தடவை. அந்தக் குழாய் நூறு மில்லி என்றால் இரண்டடிக்கு மேல் நீளம், ஸ்டூல் போட்டு ஏறித்தான் ஊற்றியிருக்க வேண்டும். சரி, கோடு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். இரண்டு கோட்டுக்கு நடுவில் மருந்து நின்றால்? கண் மதிப்பில் ஒரு ஒற்றைப்படை போட வேண்டியதுதானே? எல்லாரும் போடுவார்களே? அவர் போட்டிருப்பார். உலகமே போடும். இவள் ஏன் போடவில்லை? ஒரு தடவைகூடவா? இந்த இடத்தில் வந்து அவருடைய மனசு முட்டிக்கொண்டு நின்றது. நேற்றிலிருந்து இங்கேதான் நிற்கிறது. ஏனென்றால் பதில் கோப்பிலேயே இருந்தது, அவரே படித்தார், படித்துவிட்டுச் சிரித்தார்: 'கோடு இல்லாத இடத்தில் எதுவும் எழுதவில்லை. கிட்டத்தில் இருக்கிற கோட்டை எழுதியிருக்கிறேன்.' என்ன பிதற்றல் என்று அன்றைக்கு நினைத்தார். ர, ட, ம, ப, ந, க.

அப்படியானால் இருநூற்று ஆறாம் கோப்பு? அதற்கு முப்பத்தாறு போட்டாரே, அது என்ன? பளபளவென்று தாள், வண்ணப் படம், ஏரித் தண்ணீர். தேர்விலும் ஐம்பத்தெட்டு. அளவெல்லாம் அப்படியே நிஜம்: புள்ளிக்குப் பின்னால் ஒன்றிலிருந்து ஒன்பது வரை நெல்லை இறைத்த மாதிரி கலந்து கிடந்தது. 'ஏழாம் நாள் மழை பெய்ததால் மாதிரி எடுக்க இயலவில்லை' என்று ஒரு வரி வேறு. ஆகா என்று தலையாட்டினார். நிஜமாகச் செய்தவனுக்குத்தான் ஒரு நாள் கெடும். எண்பத்தெட்டாம் கோப்பிலும் ஏழாம் நாள் மழை பெய்தது. முந்நூற்றுப் பதினொன்றிலும் ஏழாம் நாள். அப்போதே சுருக்கென்றது. மழை எல்லா ஊரிலும்தான் பெய்யும் என்று தள்ளிவிட்டார். தள்ளாமல்? மூன்று வருஷத்துக்கு முன்னால் அண்ணா நகரில் ஒரு பயிற்சி நிலையம், ஏசி ஹால், சால்வை போட்டார்கள், குத்துவிளக்கு கொடுத்தார்கள், அரை மணி பேசுங்க சார் என்றார்கள். பேசினார். பொய் அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? கடைசி இலக்கத்தைப் பாருங்கள். ஜோடிக்கிறவன் சில எண்ணை ஒதுக்குவான், சில எண்ணை அள்ளிப் போடுவான். நிஜத்தில் எல்லாம் கலந்து வரும். நிஜத்தில் ஒரு நாள் மழை பெய்யும், ஒரு நாள் கரண்ட் போகும், என்றார். முன் வரிசையில் ஒருவன் விழுந்து விழுந்து எழுதினான். நல்ல பையன்கள், குறிப்பெடுக்கிறார்களே என்று பூரித்தார். இப்போதல்லவா தெரிகிறது, எழுதினவன் பையன் இல்லை, பிள்ளைகளுக்குக் கோப்பு எழுதிக்கொடுக்கிற வாத்தியார். அந்தச் சால்வை இன்னும் பீரோவில் கிடக்கிறது. குளிருக்கு ஆகாது. வழவழவென்று நழுவும்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. நெஞ்சுக்கு மேல் ஒரு வண்டு. ஜெசிந்தாதான், வேறு யார். எடுக்கவில்லை. நின்றது. மறுபடி அதிர்ந்தது. "போன் அடிக்குது சார்" என்றாள் பவுனம்மா. "தெரியும்." "எடேன்." "கண்ணு மூடியிருக்கு." "காது மூடலையே" என்று சிரித்தாள். மூன்றாவது சொட்டும் விழுந்து எவ்வளவோ நேரம் ஆகியிருந்தது. எவ்வளவு? சொல்லிவிடலாம். என்ன சொல்வது? தப்புப் போட்டுவிட்டேன், நானூற்றுப் பதினேழை மாற்று. ஏன் தப்புப் போட்டீர்கள் என்பார் சேர்க்கைப் பொறுப்பாளர். போட்டோவைப் பார்க்கவில்லை என்க வேண்டும். ஏன் பார்க்கவில்லை? தாளில் சாம்பல் கட்டமாய் இருந்தது. எங்களுக்கெல்லாம் தெரிந்ததே? அப்போது எனக்குக் கண் தெரியவில்லை என்க வேண்டும். அதோடு முடியாது. இந்த வருஷம் பார்த்த தொண்ணூறு கோப்பு? போன வருஷம்? அதற்கு முந்தின வருஷம்? எப்போதிலிருந்து தெரியவில்லை என்று கேட்டால் எதைச் சொல்வது? அவருக்கே தெரியாதே. ஒரு நாளில் போகவில்லையே, கொஞ்சம் கொஞ்சமாகத்தானே, சொட்டுச் சொட்டாகத்தானே. காரும் வராது. அட்டையில் வேறு பேர். பன்னிரண்டு நாளைக்காகத்தான் மீதி முந்நூற்றைம்பது நாள் சட்டையை இஸ்திரி போட்டு வைப்பது. அந்தப் பிள்ளைக்கு என்ன, வேறு கல்லூரி கிடைக்கும், நாலாயிரத்தில் முப்பது பேர்தானே, மீதிப் பேர் செத்தா போனார்கள்? செத்துப் போகவில்லை. ஜோடனை என்று எழுதப்பட்டவர்கள் அந்த நாலாயிரத்தில் எத்தனை பேர்? அந்த வார்த்தை அவளுக்கே போய்ச் சேரும். கேட்டால் காரணத்தைக் கொடுப்பது கல்லூரியின் வழக்கம். அவள் கேட்பாள். ஒவ்வொரு கிணற்றையும் மூன்று முறை பார்க்காமல் விடாதவள் கேட்காமல் இருப்பாளா.

"அம்மா, இங்க வா" என்று அதட்டினார், காலடிச் சத்தம் கேட்ட பக்கமாக. ஷீபா வந்தாள். போனை நீட்டினார். "கோதண்டபாணின்னு இருக்கும். போடு." "சார், கண்ணைத் திறக்காதீங்க." "நான் திறக்கல. நீ போடு. மணி என்ன?" "பதினொண்ணு நாப்பது." போட்டு அவர் காதில் வைத்தாள். சேர்க்கைப் பொறுப்பாளர் கோதண்டபாணி முதல் மணியிலேயே எடுத்தார். பின்னால் ஏதோ பிரிண்டர் ஓடுகிற சத்தம். "சார்! நூறாயுசு. இப்பத்தான் உங்களைப் பத்திப் பேசினோம். அந்த நானூத்திப் பதினேழுதானே? காலையிலிருந்து ஜெசிந்தா மேடம் சண்டை. போட்டோ, கோடு, என்னென்னமோ சொல்றாங்க. நான் சொல்லிட்டேன், மேடம், ஆவுடையப்பன் சார் கண்ணுல படாததா உங்க கண்ணுல பட்டுரப் போகுதுன்னு." பிரிண்டர் ஓடியது. "முப்பதாவது இடத்துக்கு இந்தப் பிள்ளையும் சேத்து ரெண்டு பேர் இருக்காங்க சார். நீங்க ஒரு வார்த்தை சொன்னா இப்பவே மாத்திடலாம், இருபது நிமிஷம் இருக்கு. அந்தப் போட்டோவ நீங்க பார்த்தீங்களா சார்? அது மட்டும் சொல்லுங்க." ஷீபா போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கையில் டெட்டால் வாடை. இமைக்குள் சிவப்பு. ஒரு சொட்டு விழுந்தால் போதும். விழப்போகிறது, இதோ, நாக்கு நுனியில் நிற்கிறது. "அடுத்த வருஷத்துக்கும் உங்க பேரைத்தான் எழுதியாச்சு சார்" என்றார் கோதண்டபாணி, சும்மா இருக்கக் கூடாதே என்று சொல்கிறவரைப் போல. "பார்த்தேன்" என்றார் ஆவுடையப்பன். "பார்த்துட்டுத்தான் போட்டீங்க?" "பார்த்துட்டுத்தான் போட்டேன்." "போதும் சார். அது போதும்." ஷீபா போனை அவர் பைக்குள் போட்டாள். "இன்னா சார், பேரப் பிள்ளைக்கு சீட்டா?" என்றாள் பவுனம்மா. "இல்லை." "கெடச்சுதா?" அவர் பைக்குள் போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "கெடைக்கும், கெடைக்கும்" என்றாள் அவள், அவருடைய கை இருக்கும் இடத்தைத் தடவிக் கண்டுபிடித்துத் தட்டிக்கொடுத்தாள். கையில் மீன் வாடை. இழுத்துக்கொண்டார். இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது, திரும்பக் கூப்பிடலாம், என்ன குடி முழுகிவிட்டது என்று நினைத்தார். அப்புறமும் நினைத்தார். இரண்டு, நாலு, ஆறு, எட்டு என்று எண்ணிக்கொண்டே இருந்ததில் நேரம் போனது தெரியவில்லை.

கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்கள். டாக்டர் சின்னப் பையன் போலிருக்கிறது, குரல் இன்னும் முற்றவில்லை. "தாடையை இதுல வைங்க சார். நேரா பாருங்க." ஒரு வெளிச்சம் கண்ணைத் துளைத்தது. வலது, இடது, மறுபடி வலது. காகிதம் புரளும் சத்தம். "ரெண்டு கண்ணுலயும் புரை நல்லா முத்தியிருக்கு. இது இன்னிக்கு நேத்து வந்ததில்லை." மறுபடி காகிதம். "ஆனா கடைசி வரி வரைக்கும் படிச்சதா போட்டிருக்கே. யார் பார்த்தது, ஷீபாவா? எப்படி சார் படிச்சீங்க?" "படிச்சேன்." "இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டா?" "ஏன், என் கண்ணுக்கு என்ன?" டாக்டர் காகிதத்தை ஒதுக்கி வைத்தார். "கோபப்படாதீங்க சார். சொட்டு விட்டிருக்கு, இப்போ மங்கலாத்தான் இருக்கும். இருந்தாலும் ஒரு தடவை பார்த்துடுவோம். ஷீபா, போர்டைப் போடு." நாற்காலியைத் திருப்பினார்கள். ஏதோ டக்கென்றது. எதிரே ஒரு வெள்ளைச் சதுரம், ஓரம் கரைந்து, பனிக்குள் நிற்கிற விளக்கு மாதிரி. "என்ன தெரியுதோ அதை மட்டும் சொல்லுங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க, ஒண்ணும் தப்பில்லை." "மணி என்ன?" என்றார் ஆவுடையப்பன். "பன்னெண்டு அஞ்சு." பட்டியல் போயிருக்கும். முப்பது பேர். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார், தொண்டையைச் செருமினார், வெள்ளைச் சதுரத்தை உற்றுப் பார்த்தார். "ர" என்றார். "ட. ம. ப. ந. க."

யாரும் எழுதிக்கொள்கிற சத்தம் கேட்கவில்லை.

"சார்" என்றாள் ஷீபா, மெதுவாக, "போர்டுல இன்னும் எழுத்து வரலை சார். வெறும் வெள்ளையாத்தான் இருக்கு."